டவுன் சின்ட்ரோம் குழந்தை: முதல் ஆறு மாதத்தில் கவனிக்க வேண்டியவை

டவுன் சின்ட்ரோம் இருக்கலாம் என்ற சந்தேகம் பிரசவ வார்டில் பெரும்பாலும் குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் எழும். வீட்டுக்கு வந்த பிறகும் ஆட்கள் முகத்தைப் பற்றியேதான் பேசுவார்கள். குழந்தையின் உயிரும் வளர்ச்சியும் தங்கியிருப்பதோ இதயம், குடல், தைரொயிட் என்ற கழுத்துச் சுரப்பி, காது என்று வெளியே தெரியாத இடங்களில். ஒவ்வொன்றையும் சோதிக்க ஒரு காலம் இருக்கிறது. சிலவற்றில் அந்தக் காலம் தவறிவிட்டால் பிறகு கொழும்புக்குக் கொண்டுபோயும் பயனில்லை. எதை எப்போது கேட்டு வாங்குவது என்பதை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பெற்றோரை மனதில் வைத்து இங்கே சொல்கிறோம்.

எப்படி வருகிறது

நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும், பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 46, 23 சோடிகளாக இருக்கின்றன. டவுன் சின்ட்ரோமில் 21ஆம் சோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் 1866இல் இந்த நிலையை விவரித்தார்; மேலதிக நிறமூர்த்தம்தான் காரணம் என்பது 1959இல் பிரான்சில் தெரியவந்தது. ஏறக்குறைய 700 முதல் 800 பிறப்புகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது.

பெரும்பாலானோரில் முட்டை உருவாகும்போது அந்தச் சோடி சரியாகப் பிரியாமல் விடுகிறது. அதாவது கரு தங்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அன்னாசி சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே இறங்கியதாலோ, கண்ணூறாலோ இது வருவதில்லை. மச்சான், மச்சாள் முறையில் முடித்ததும் காரணமல்ல. சொந்தத்தில் முடிப்பதால் கூடும் நோய்கள் வேறு இருக்கின்றன, தலசீமியா போல; இது அந்த வகை இல்லை. தாயின் வயது மட்டும் ஓரளவு தொடர்புடையது: 35 வயதில் ஏறக்குறைய 350 பிறப்புக்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. ஆனாலும் இளவயதுத் தாய்மாரே அதிகம் பிள்ளை பெறுவதால், இந்தக் குழந்தைகளில் பலர் இளவயதுத் தாய்மாருக்குத்தான் பிறக்கிறார்கள். 24 வயதுத் தாய் என்பதால் இருக்காது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

குழந்தையில் தெரியும் அடையாளங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது தசைத் தளர்ச்சி. அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினால் குழந்தை கைக்குள்ளால் நழுவுவது போலிருக்கும். மல்லாந்து கிடக்கும்போது தொடைகள் இரண்டும் தவளைக் கால் போல அகன்று தரையோடு படிந்துவிடும். திடீர்ச் சத்தத்துக்கு மற்றக் குழந்தைகள் கைகளை விரித்து அதிர்வது போல இது அதிராது, அல்லது மிக மெல்ல அதிரும். "நல்ல பிள்ளை, அழுகையே இல்லை" என்று வார்டில் பாராட்டு வாங்கும் குழந்தையை ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பது நல்லது.

பிறகு முகம்: பக்கவாட்டில் பார்த்தால் தட்டையாகத் தெரியும், மூக்குத் தண்டு தாழ்ந்திருக்கும், கண்களின் வெளிமுனை சற்று மேல்நோக்கி இருக்கும், கண்ணின் உள்மூலையில் தோல் மடிப்பு காணப்படும். காது சிறிது. பிடரியில் தோல் தளர்ந்து மடியும். சின்ன விரல் உட்பக்கம் வளைந்திருக்கலாம். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் செருப்பு வார் போகும் அளவு இடைவெளி இருக்கலாம். உள்ளங்கையில் ஒரே குறுக்குக் கோடு இருப்பதைப் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் அது இல்லை, எந்தக் குறையும் இல்லாத ஆட்கள் சிலரிடமும் அது இருக்கிறது. கருவிழியில் வெண்புள்ளி பார்ப்பதும் நமது பக்கத்துக் கருமையான கண்களில் அவ்வளவு உதவாது.

பிறந்த அன்று முகம் வீங்கியிருக்கும். தாய் தகப்பனின் கண்ணும் மூக்கும் எப்படி என்று பார்க்காமல் குழந்தையின் கண்ணை மட்டும் வைத்துப் பேசக் கூடாது. ஒரு அடையாளத்தால் ஒன்றும் முடிவாகாது. தளர்ச்சியோடு வேறு நாலைந்தும் சேர்ந்து வந்தால் இரத்தச் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனைக்கு 1 முதல் 2 மில்லிலீட்டர் இரத்தம் போதும். நிறமூர்த்தங்களை எண்ணிப் படமெடுக்கும் ஆய்வுகூடத்துக்கு, உதாரணமாகக் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவுக்கு, இரத்தம் போக வேண்டியிருக்கும். அறிக்கை வரச் சில வாரமாகும். அந்த அறிக்கையில் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, உண்டா இல்லையா என்பது. மற்றது, எந்த வகை என்பது. நூற்றுக்கு 95 பேரில் ஒரு முழு நிறமூர்த்தம் தனியாகக் கூடியிருக்கும். அடுத்த பிள்ளைக்கு இது வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, தாயின் வயது கூடினால் அதற்கேற்பக் கூடும். 3 முதல் 4 பேரில் மேலதிகத் துண்டு வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும். இந்த வகையென்றால் தாய், தகப்பன் இருவரின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் ஒருவர் அதைத் தெரியாமல் சுமந்தால் அடுத்த பிள்ளைக்கான வாய்ப்பு வெகுவாகக் கூடலாம். ஆகவே "பார்த்தாலே தெரிகிறதே, சோதனை எதற்கு" என்று விட்டுவிடக் கூடாது.

செய்தியைத் தாய், தகப்பன் இருவருக்கும் ஒன்றாக, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, வைத்தியர் சொல்வதுதான் முறை. நமது பக்கத்தில் பெண் தாய்வீட்டோடுதான் இருப்பாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஏணையில் போடுவதும் அம்மம்மாவோ மூத்தம்மாவோதான். அவரையும் அடுத்த சந்திப்புக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் நடக்கப்போவதில் பாதி அவர் கையில் இருக்கிறது.

இதயம்: காத்திருக்காத சோதனை

பத்துக் குழந்தைகளில் நாலைந்து பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். இவர்களில் அடிக்கடி காணப்படுவது இதயத்தின் நடுப்பகுதியில், மேலறைச் சுவரும் கீழறைச் சுவரும் வால்வுகளும் சந்திக்கும் இடத்தில் வரும் பெரிய துவாரம். இது முதல் நாட்களில் சத்தம் காட்டாமல் இருக்கலாம். பிறந்த குழந்தையின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் இன்னும் உயர்வாக இருப்பதால் துவாரத்தின் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றாகிறது. இரத்தம் பாய்ந்து ஓடாது, ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. "குழாய் வைத்துப் பார்த்தார்கள், சத்தமில்லை என்றார்கள்" என்பது ஆகவே போதாது. டவுன் சின்ட்ரோம் சந்தேகிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், பார்வைக்குச் சுகமாகத் தெரிந்தாலும், முதல் சில வாரங்களுக்குள் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும்) ஸ்கேன் எடுக்க வேண்டும். இரத்த அறிக்கை வரட்டும் என்று இதைப் பிற்போட வேண்டாம். டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடும்போது எக்கோவுக்கான தேதி துண்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு மாதம், இரண்டு மாதத்தில் நுரையீரல் அழுத்தம் குறையத் தொடங்கும். அப்போது துவாரத்தால் இரத்தம் நுரையீரலுக்குள் கொட்டும். குழந்தை மூச்சு வாங்கும், பால் குடிக்கக் களைக்கும், நிறை ஏறாது. இந்தக் கட்டத்தில் மருந்து கொடுத்து, நிறையைக் கூட்டி, பொதுவாக 3 முதல் 6 மாத வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வார்கள்.

செய்யாவிட்டால் வருவதுதான் பெற்றோரை ஏமாற்றுவது. தொடர்ந்து அடிபடும் நுரையீரல் குழாய்கள் தடித்து, அழுத்தம் மறுபடி ஏறும். மேலதிக இரத்தம் பாய்வது குறையும். மூச்சு வாங்குவது நிற்கும், குழந்தை தேறிவிட்டது போலிருக்கும், "கடவுள் புண்ணியத்தில் ஆபரேஷன் இல்லாமலே சுகமாகிவிட்டது" என்று கிளினிக்குக்குப் போகாமல் விடுவார்கள். உண்மையில் அது சத்திரசிகிச்சைக்கான கதவு மூடிக்கொண்டிருக்கும் நேரம். முற்றாகத் தடித்த பிறகு துவாரத்தை மூட முடியாது. டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் இது மற்றவர்களைவிட வேகமாக நடக்கும். மருந்தால் மூச்சு இலகுவானாலும் சத்திரசிகிச்சைத் தேதியை விடக் கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது மூச்சு. குழந்தை அமைதியாகத் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தவறும். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60க்கு மேலும், அதற்குப் பிறகு 50க்கு மேலும் இருந்தால், மறுபடி எண்ணியும் அதேதான் என்றால், அன்றே காட்ட வேண்டும். இரண்டாவது வியர்வை. சித்திரை வெயிலில் எந்தக் குழந்தைக்கும் வியர்க்கும். விடியற்காலைக் குளிரில், மின்விசிறிக்குக் கீழே, பால் குடிக்கும்போது மட்டும் நெற்றியும் தலையும் நனைந்தால் அது வெக்கையால் வரும் வியர்வை இல்லை. மூன்றாவது நிறம். கையும் காலும் பளிங்கு போலத் திட்டுத் திட்டாகத் தெரிவது இவர்களில் சாதாரணம். நீலம் பார்ப்பதென்றால் நாக்கையும் முரசின் உட்பக்கத்தையும் பாருங்கள், உதட்டின் தோல் நிறம் ஏமாற்றும்.

வயிறு, இரத்தம், தைரொயிட்

பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அது எப்போதும் அவசரம். சிறுகுடலின் தொடக்கத்தில் அடைப்பு இருக்கலாம். பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் கறுப்பு மலம் போகவில்லை, வயிறு உப்புகிறது என்றால் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புகள் உருவாகாத நோயைச் சந்தேகிக்க வேண்டும். வாய்வழி எண்ணெய், கைமருந்து, வெற்றிலைக் காம்பு என்று வீட்டில் சமாளிக்கும் மலச்சிக்கல் அல்ல அது.

முதல் சில நாட்களுக்குள் முழு இரத்தப் பரிசோதனை ஒன்று வேண்டும். சில குழந்தைகளில் வெள்ளணுக்கள் தற்காலிகமாக மிகக் கூடியிருக்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே அடங்கும். ஆனால் இவர்களில் சிலருக்குப் பிறகு, முதல் நாலு வருடங்களுக்குள், இரத்தப் புற்றுநோய் வரலாம் என்பதால் வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்.

தைரொயிட்டுக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் போல குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். அதன் முடிவு வந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். முதல் சோதனை சரியாக இருந்தாலும் இவர்களுக்கு 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும், பிறகு வருடந்தோறும் மறுபடி வேண்டும். தைரொயிட் குறைந்தால் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும், தோல் காயும், உடல் தளரும். இந்த நாலையும் "அது டவுன் பிள்ளை, அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது மிக எளிது. மூளை வளரும் மாதங்கள் அப்படியே போய்விடும். குளிசை தந்தால் அதைப் பொடித்து, ஒரு கரண்டியில் சில துளி தாய்ப்பாலிலோ ஆறிய தண்ணீரிலோ கரைத்து, தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கோப்பைப் பாலில் கலந்தால் மீதம் விட்ட பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து, கல்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கண்ணுக்கு: பிறந்தவுடன் வெளிச்சம் அடித்து வெண்படலம் உண்டா என்று பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் கண் வைத்தியர் ஒருமுறை பார்க்க வேண்டும். காதுக்கு: பிறந்த பின் ஒரு கருவிச் சோதனை, 6ஆம் மாதம் மறுபடி. இவர்களின் காதுக் குழாய் ஒடுக்கம், நடுக்காதில் நீர் தேங்குவது அதிகம். கேட்காத பிள்ளை பேசாது. அந்தத் தாமதத்தையும் சின்ட்ரோமின் தலையில்தான் போடுவார்கள்.

பால் கொடுப்பது

பெரும்பாலான குழந்தைகள் தாய்ப்பால் குடிப்பார்கள். தொடக்கத்தில் நேரம் எடுக்கும். வாயும் கன்னமும் தளர்வு, வாய் சிறியது என்பதால் நாக்கு வெளியே தள்ளும், பிடி நழுவும். குழந்தை பசிக்கு அழுது கேட்காது. ஆகவே கேட்டால் கொடுப்பது என்ற முறை இங்கே சரிவராது. இரவு பகல் இரண்டரை, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள், நாளொன்றுக்கு எட்டு முறைக்குக் குறையாமல். எழுப்புவதற்குத் துணியை அவிழ்த்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, உள்ளங்காலைத் தேய்த்தால் போதும்.

கொடுக்கும் முன் கையால் கொஞ்சம் பீய்ச்சி, பால் சொட்டத் தொடங்கிய பிறகு வாயில் வையுங்கள். குழந்தையின் உடல் ஒரே நேராக, தலை சற்று உயர்ந்து, வயிறு உங்கள் வயிற்றோடு இருக்க வேண்டும். தலையைப் பிடித்து மார்போடு அழுத்தாமல் தோள்பட்டையைத் தாங்குங்கள். மற்றக் கையின் நடுவிரல், மோதிர விரல், சின்ன விரல் மூன்றாலும் மார்பைக் கீழிருந்து தாங்கி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் குழந்தையின் இரு கன்னத்திலும் வைத்து, அவற்றுக்கு இடையில் நாடி அமரும்படி பிடித்தால் தாடை ஆடாமல் நிற்கும். உறிஞ்சுவது நின்று வெறும் நடுக்கமாகும்போது மார்பை மெல்ல அழுத்திப் பாலைத் தள்ளிக் கொடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். குடிப்பதில் கிடைப்பதைவிடச் செலவழிக்கும் சக்தி கூடிவிடும்.

மீதியைப் பீய்ச்சிக் கோப்பையால் கொடுங்கள். குழந்தையை நிமிர்த்தி மடியில் இருத்தி, சின்னக் கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரியுங்கள். குழந்தை நக்கி எடுக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். முதல் வாரம் முடியும்போது, முழுவதும் பீய்ச்சிய பால் என்றால் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலீட்டர் கணக்கு. 3 கிலோ குழந்தைக்கு 450; எட்டு முறை என்றால் ஒருமுறைக்கு 55 அளவில். இதயக் குறை உள்ள குழந்தைக்கு இந்த அளவை வைத்தியர் மாற்றுவார். பீய்ச்சிய பாலை நமது வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

போதுமா என்பதைச் சொல்வது சிறுநீரும் தராசும். ஒரு வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுவது நல்லது. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும்போது நிறையைக் கிளினிக் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகள் கொப்பியில் கீழ்க் கோட்டை ஒட்டி வளர்வது வழமை. கோடு தட்டையாகப் படுப்பதோ கீழே இறங்குவதோ வழமை அல்ல, அதற்குக் காரணம் தேட வேண்டும்: இதயமா, தைரொயிட்டா, பால் பிடியா.

தூக்குவது, குளிப்பாட்டுவது, படுக்க வைப்பது

கழுத்து மூட்டும் இடுப்பு மூட்டும் தளர்ந்தவை. சில வீடுகளில் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டும்போது கையைப் பிடித்துத் தூக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, கைகால்களை இழுத்து முறிப்பது உண்டு. இந்தக் குழந்தைக்கு அவை ஒன்றும் கூடாது. எண்ணெய் பூசி மெல்லத் தடவலாம். காய்ந்த தோலுக்கு நல்லதும் கூட. மூக்கை நீவினால் மூக்குத் தண்டு உயராது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கும். ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைப்பதும் வேண்டாம்; அதனால் வரக்கூடிய நச்சுநோய் தசையைத்தான் தளர்த்தும், இந்தக் குழந்தையில் அதைக் கண்டுபிடிக்கவும் தாமதமாகும்.

ஏணை பற்றி அம்மம்மாரோடு வாக்குவாதம் வரும். சீலை ஏணையில் உடல் வளைந்து நாடி நெஞ்சில் முட்டும். தளர்ந்த கழுத்துள்ள குழந்தைக்கு மூச்சுவழி அப்படியே மடியும். கைகாலை அசைக்க இடமும் இல்லை. தூங்குவதற்கு உறுதியான தட்டையான படுக்கை, மல்லாந்த நிலை.

விழித்திருக்கும்போது குப்புறப் போட வேண்டும். முதல் வாரங்களில் தகப்பன் சாய்ந்து படுத்து நெஞ்சில் கிடத்தினாலே போதும். ஒருமுறைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்குப் பல முறை. பிறகு தரையில் பாய் விரித்து, சுருட்டிய துவாயை நெஞ்சுக்குக் கீழே வைத்து, முழங்கைகளை முன்னே கொண்டுவந்து விடுங்கள். மல்லாந்து கிடக்கும்போது அகலும் தொடைகளுக்கு வெளிப்பக்கத்தில் துணியைச் சுருட்டி அணைகொடுங்கள். தூக்கும்போதும் இரு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள். நடைவண்டி வாங்க வேண்டாம், கால் நுனியில் தள்ளப் பழகிவிடும். பிசியோதெரபிக்குக் குழந்தை "பிந்திய" பிறகு போவதில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ அம்பாறையோ, எங்கே கிளினிக் போகிறீர்களோ அங்கே முதல் மாதங்களிலேயே அனுப்பக் கேளுங்கள். சராசரியாக எட்டு மாதத்தில் புரள்வதும், பதினொரு மாதத்தில் இருப்பதும், இரண்டு வயதையொட்டி நடப்பதும் இவர்களின் கணக்கு. ஆளுக்காள் வெகுவாக மாறும்.

பேச்சுக்கும் இப்போதே தொடங்கலாம். முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பதில் வரும், பிந்தி வரும். அவசரப்பட்டு அடுத்த வார்த்தையைச் சொல்வதால்தான் குழந்தை பதில் தருவதில்லை என்று நினைக்கிறோம்.

தடுப்பூசியும் பயணமும்

கிளினிக் கொப்பியில் உள்ள எல்லாத் தடுப்பூசியும் நேரத்துக்குப் போட வேண்டும். டவுன் சின்ட்ரோம் எந்த ஊசிக்கும் தடையல்ல. இவர்களுக்கு நெஞ்சுச் சளி எளிதில் நிமோனியாவாகும் என்பதால் ஊசியின் தேவை கூடுதல்தான். சத்திரசிகிச்சையோ இரத்தம் ஏற்றுவதோ நடந்திருந்தால் மட்டும் தேதியை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாக்கு நீலமாவது, மூச்சுக்கு நெஞ்சு உள்ளே இழுப்பது, பச்சை வாந்தி, இரண்டு முறை தொடர்ந்து பால் மறுப்பது, எழுப்பியும் எழும்பாமை, இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல்: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

இதயச் சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். கிளினிக் கொப்பி, எக்கோ அறிக்கையின் மூலப்பிரதி, இரத்த அறிக்கைகள், நிறை எழுதிய தாள், மருந்துப் பெயரும் அளவும் எழுதிய துண்டு எல்லாவற்றையும் ஒரே கோவையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் போட்டோப்பிரதி வீட்டில் விட்டுப் போங்கள். மருந்து மேலதிகமாக இரண்டு நாளுக்குக் கையில் இருக்கட்டும். இருமலோ காய்ச்சலோ தொடங்கியிருந்தால் புறப்படும் முன் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சளியோடு போகும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்காமல் தேதியை மாற்றித் திருப்பி அனுப்புவார்கள்.